தண்ணி தீர்ந்தது அதுக்கு எப்படித் தெரியும்

அழுத்திட்டேன். சிவப்பு விளக்கும் எரியுது. இனிமே எனக்கு இங்க வேலை இல்லையாம், கடையில அந்தப் பொண்ணு அப்படித்தான் சொன்னா, ஸ்விட்சை அழுத்திட்டு நீங்க போய் டிவி பாருங்கம்மா, அதுவே வேகும், அதுவே நின்னுக்கும்னு. டிவியாம். சோத்தை ஏத்திட்டு டிவி பாக்குறவளா நான். சத்துணவுக் கூடத்துல வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து ரிட்டையர் ஆகுற வரைக்கும் உலையை விட்டு வாசப்படி தாண்டினதில்ல, ஒரு பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க அத்தனைக்கும் ஒரே அண்டாவுல வடிச்சவ, இப்ப இந்தச் சமையல் மேடை முன்னாடி பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உக்காந்திருக்கேன், என் ரெண்டு கைக்குள்ள அடங்குற, கரண்ட்ல சோறு ஆக்குற ஒரு வெள்ளைச் சட்டியைப் பாத்துக்கிட்டு. உள்ள ஒரு கப் அரிசி. ஒரே ஒரு கப். அளக்குறப்போ கை கூசிப்போச்சு, கோழிக்குப் போடுற மாதிரி இருக்கேன்னு. சத்தமே இல்ல. நெருப்பு இல்ல, புகை இல்ல, ஒண்ணுமே நடக்கல, ஆனா நடக்குதாம். என் பையன் செழியன் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல போன் பண்ணுவான், வீடியோவுல, என் மூஞ்சியைக் கூடப் பாக்க மாட்டான், சட்டியைக் காட்டும்மான்னுவான். சோறு ஒழுங்கா வெந்திருந்தா நான் இங்கயே இருக்கலாம். இல்லன்னா ஞாயித்துக்கிழமை வந்து பெட்டியோட என்னையும் தூக்கி பெங்களூருக்கு கார்ல வச்சுக்கிட்டுப் போயிடுவான். பேச்சு அதுதான். ஒரு கப் அரிசியில என் வீட்டுச் சாவி கெடக்கு. அவனும் அவன் பொண்டாட்டி ஷர்மிளாவும் நல்ல புள்ளைங்கதான், ஒரு குறையும் சொல்ல மாட்டேன், ஆனா அந்த வீட்டுல எந்த டப்பாவைத் திறக்கணும்னாலும் நான் கேட்டுத்தான் திறக்கணும். இங்க ஹவுசிங் போர்டுல ரெண்டு ரூம்னாலும் எது எங்க இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டு எடுப்பேன். மூடிக்கிட்டு எடுக்கலாம், மூக்கை மூடிக்கிட்டு முடியல. அதுதான் வந்த வினை.

மூக்கு போச்சு. காய்ச்சலோட போச்சு. காய்ச்சல் வந்த வேகத்துல போயிடுச்சு, போறப்போ வாசனையையும் எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. டாக்டர் ஒரு சின்ன டார்ச்சை வச்சு மூக்குக்குள்ள பாத்துட்டு, வந்தா வரும்மா, வரலைன்னா பழகிக்கணும்னார். எதைப் பழகுறது. காப்பி வெந்நீரா இருக்கு, மல்லிப்பூ வெறும் வெள்ளையா இருக்கு, சாம்பார் காரமும் புளிப்பும் மட்டும்தான், நடுவுல இருந்த ஆளைக் காணோம். யாருக்கும் தெரியவே தெரியாது, கண்ணு போனா குச்சி கொடுப்பாங்க, காது போனா மெஷின் வைப்பாங்க, மூக்கு போனா சிரிப்பாங்க. நல்லதா போச்சு, சாக்கடை நாத்தம் தெரியாதுல்லன்னு கேட்டா மார்க்கெட்டுல ஒருத்தி. நானும் சிரிச்சேன். அப்புறம் அன்னிக்கு நடந்துச்சு அது. பால் பொங்கி அடுப்பு அணைஞ்சிருக்கு, திருகு திறந்தபடியே இருந்திருக்கு, நான் ஜன்னலைச் சாத்திட்டு, மழைச் சாரல் அடிக்குதேன்னு சாத்திட்டு, கீழ சப்பணம் போட்டு உக்காந்து பீன்ஸ் நறுக்கிட்டு இருந்தேன். மேல் வீட்டு பர்வீன் கதவை உடைக்கிற மாதிரி தட்டினா. ஆயாம்மா, ஆயாம்மான்னு. திறந்ததும் என்னைத் தள்ளிட்டு உள்ள ஓடினா, முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடினா, ஜன்னலைத் திறந்தா, திருகை மூடினா, சிலிண்டரை மூடினா, லைட்டைப் போடாதீங்கன்னு கத்தினா. நான் கத்தியும் கையுமா நின்னேன். எனக்கு ஒண்ணுமே இல்ல. வீடு எப்பவும் போலத்தான் இருந்துச்சு. கேஸ் என்னைச் சுத்தி நின்னுச்சு, என் மடியில, தலையில, நறுக்கின பீன்ஸ் மேல எல்லாம் நின்னுச்சு, நான் அதுக்குள்ளயே உக்காந்து காம்பைக் கிள்ளிக்கிட்டு இருந்தேன், ஏதோ பாட்டு கூட முணுமுணுத்தேன். சாவு பக்கத்துல வந்து உக்காந்திருக்கு, நான் அதுக்கு நகர்ந்து இடம் குடுத்துட்டு என் வேலையைப் பாத்திருக்கேன். பர்வீன் அன்னிக்கே செழியனுக்குப் போன் போட்டு சொல்லிட்டா. போட்டுக் குடுத்துட்டா. அவ மூணாவது படிக்கிறப்போ என் சோத்தைத் தின்னவ, மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா எட்டிப் பாத்து ஆயாம்மா வெந்துடுச்சான்னு கேக்குறவ, அந்த மூக்கை வளர்த்ததே நான்தான், அந்த மூக்கு என்னைக் காட்டிக் குடுத்துச்சு. காப்பாத்துச்சுன்னும் சொல்லலாம். சொல்லலாம்தான். ஆனா செழியன் வந்தான், சிலிண்டரைக் கழட்டித் திருப்பிக் குடுத்துட்டான், அடுப்பை அட்டைப்பெட்டியில போட்டு பரண்ல ஏத்திட்டான், அன்னிலேருந்து நான் பர்வீன்கிட்ட பேசுறதில்ல. மாடிப்படியில பாத்தா சுவரைப் பாப்பேன்.

குக்கர் வாங்கித் தர்றேன், ஒரு தடவை பாப்போம்னு சொன்னதும் அவன்தான். கூட வந்து கடையில நின்னதும் அவன்தான், நின்னான்னா போன்ல பேசிக்கிட்டு நின்னான். நான்தான் ஒவ்வொண்ணா திறந்து பாத்தேன். பெருசு பெருசா இருந்துச்சு, பூப்போட்டது, ரெண்டு பாத்திரம் வச்சது, இட்லித் தட்டு வச்சது, கல்யாணப் பொண்ணுங்க மாதிரி வரிசையா. எனக்கு இருக்கிறதுலயே சின்னது குடுன்னேன். அது தனியா இருக்குறவங்களுக்குமான்னா அந்தப் பொண்ணு, ரெஜினான்னு சட்டையில பேர் குத்தியிருந்தா. நான் என்ன கூட்டமாவா வந்திருக்கேன், அதையே எடுன்னேன். கீழ்த் தட்டுலேருந்து தூசி தட்டி எடுத்தா. வெள்ளை உடம்பு, கண்ணாடி மூடி. மூடி கண்ணாடியா இருக்கவும்தான் மனசு நின்னுச்சு, உள்ள என்ன நடக்குதுன்னு பாத்துக்கிட்டாவது இருக்கலாமே. அப்புறம் கேட்டேன், வெந்துடுச்சுன்னு இதுக்கு எப்படிம்மா தெரியும், மணி பாக்குமான்னு. இல்லம்மா, இதுக்கு மணியே தெரியாதுன்னா. உள் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டினா. அடியில ஒரு தட்டு, தட்டுக்கு நடுவுல ஒரு ரூபா காசு மாதிரி வட்டமா ஒண்ணு, விரலை வச்சா லேசா அமுங்கி எழும்புது, நெஞ்சு மாதிரி. இதுதாம்மா இதோட உயிருன்னா. தண்ணி இருக்குற வரைக்கும் சூடு ஒரு அளவுக்கு மேல போகாதும்மா, கொதிச்சுக்கிட்டே கிடக்கும், ஏறாது, அரிசி தண்ணியை முழுசாக் குடிச்சு முடிச்சதும்தான் சூடு அதைத் தாண்டும், தாண்டினா உள்ள இருக்குற காந்தம் பிடியை விட்டுடும், ஸ்விட்ச் டொக்குன்னு விழுந்துடும், அவ்வளவுதாம்மான்னா. அவ்வளவுதானாம். பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி சொல்லிட்டு அடுத்த ஆளைப் பாக்கப் போயிட்டா. நான் அங்கயே நின்னுட்டேன். தண்ணி இருக்குற வரைக்கும் ஏறாதுன்னா. எத்தனை நாள் விறகைத் திணிச்சிருக்கேன், உலை கொதிச்ச பிறகும் திணிச்சிருக்கேன், புள்ளைங்க வரிசையில தட்டைத் தட்டுதுங்கன்னு, சீக்கிரம் ஆகட்டும்னு, ஒரு கட்டு விறகையும் தள்ளியிருக்கேன். அத்தனை நெருப்பையும் அந்தத் தண்ணி வாங்கி வாங்கி வெளிய விட்டுட்டு ஒரே அளவுல நின்னிருக்கு, அரிசிக்கு வேண்டியது எவ்வளவோ அவ்வளவு மட்டும் குடுத்துக்கிட்டு. பக்கத்துலயே நின்னேன், இது எனக்குத் தெரியாது. அம்மா பில்லு போட்டாச்சு, வான்னு செழியன் கூப்பிட்டான். ரெண்டு தடவை கூப்பிட்டானாம்.

இப்ப கண்ணாடியில ஆவி கட்டுது. முதல்ல ஓரத்துல, அப்புறம் நடுவுல. ஒண்ணும் தெரியல, கண்ணாடி மூடின்னு ஆசைப்பட்டு வாங்கினதுக்கு நல்ல பலன், ஆவி வந்து மூஞ்சியில அடிச்ச மாதிரி மூடிக்கிச்சு. காதை வச்சுக் கேக்குறேன். முணுமுணுங்குது. என் காது இப்ப நாய்க்காது, மூக்கு செய்யாததையெல்லாம் அது செய்யப் பாக்குது, ஆனா சோறு வெந்ததைக் காது சொல்லாது. மூக்குதான் சொல்லும். பச்சரிசி வாசம் முதல்ல, மழையில நனைஞ்ச சுவர் மாதிரி, அப்புறம் கஞ்சி வாசம், அப்புறம் ஒரு இடத்துல ரெண்டும் நின்னு மூணாவதா ஒண்ணு வரும், அது வந்த உடனே வடிக்கணும். நான் சோத்தைக் கையால நசுக்கிப் பாத்ததே கம்மி. கூட வேலை பாத்த லூர்துமேரி பத்து தடவை கரண்டியை விட்டு எடுத்துப் பாப்பா, நான் தள்ளிநின்னு வடி மேரின்னுவேன், சரியா இருக்கும். எப்படிக்கா தெரியுதுன்னுவா. அப்ப அதைப் பத்தி யோசிச்சதே இல்ல. இப்ப தோணுது, இந்தச் சட்டியும் நானும் ஒண்ணையேதான் பாத்துக்கிட்டு இருந்திருக்கோமோ. அது சூட்டை வச்சு, நான் வாசத்தை வச்சு. ரெண்டு பேரும் காத்துக்கிட்டு இருந்தது அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். மூடியைத் திறக்கணும்னு கை துறுதுறுங்குது. திறந்து, தண்ணி தளும்புதான்னு பாத்து, வடிச்சுடலாமா. வடிக்காத சோறு ஒரு சோறா, கஞ்சியெல்லாம் உள்ளயே போயிடுமே. வடிச்சா தண்ணி போயிடும், தண்ணி போனா இது வெந்துடுச்சுன்னு நினைச்சுக்கும். இதை ஏமாத்தக் கூடாது. நான் பாட்டுக்கு உக்காந்திருக்கணும். ஒரு பொருள் வீட்டுக்கு வந்தா அதை நம்பித்தான் ஆகணும், நேத்து விளக்கு ஏத்தினதும் அதுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு, மஞ்சளைக் குழைச்சு வச்சு அதுமேல குங்குமம், செவ்வாய்க்கிழமையும் அதுவுமா. வெளியில வெள்ளை வெளேர்னு இருக்குற உடம்புல வைக்க மனசு வரல, கறை பிடிச்சா செழியன் திட்டுவான். உயிரு எங்கன்னு அந்தப் பொண்ணு காட்டினாளே, நடுவுல, அங்கதான் வச்சேன், நல்லா கெட்டியா. சாமி, இந்த வீட்டுல என்னை இருக்க விடுன்னு கேட்டுக்கிட்டுத்தான் வச்சேன்.

டொக்.

விழுந்துடுச்சு. சிவப்பு போய் மஞ்ச விளக்கு. அதுக்குள்ளயா. இப்பத்தானே முணுமுணுத்துச்சு. சின்னச் சட்டி, ஒரு கப் அரிசி, சீக்கிரம் ஆகுமா இருக்கும். நான் அண்டாவுல பாத்துப் பழகினவ, எனக்கு எல்லாம் நேரமாகித்தான் பழக்கம். மூடியைத் தூக்கினேன். ஆவி மூஞ்சியில அடிச்சுது, சூடு மட்டும், வேற ஒண்ணுமில்ல. உள்ள தண்ணி. தளதளன்னு தண்ணி, கொதி அடங்கி அப்படியே நிக்குது, அடியில அரிசி, அரிசின்னா அரிசியேதான். ஒண்ணை எடுத்துக் கடிச்சேன், நறுக்குங்குது. திரும்ப அழுத்தினேன், ஸ்விட்ச் நிக்கல, எழும்பிக்குது. இன்னொரு தடவை அழுத்தினேன், எழும்பிக்குது. போச்சு. முடிஞ்சுது. அந்தப் பொண்ணு வாயில வந்ததைச் சொல்லி ஏமாத்தி அனுப்பிட்டா. இல்ல, அவ என்ன பண்ணுவா, கீழ்த் தட்டுல தூசியோட இருந்ததை எடுன்னது நானு, யாரும் வாங்காததை வாங்கினா இப்படித்தான். இல்ல, நான்தான் ஏதோ தப்பா செஞ்சுட்டேன். தண்ணி ரெண்டரைக் கப்பு, ஊத்தினேன், ஊத்தினது இதோ நிக்குதே. பிளக்கைச் சரியா மாட்டினேனா, மாட்டாம விளக்கு எரியுமா. ஷர்மிளா நல்ல மாதிரியா சொல்லுவா, பரவாயில்லத்தை, இதுக்கெல்லாம் ஏன் கஷ்டப்படுறீங்க, அங்க வந்து ஹாயா உக்காருங்கன்னு. ஹாயா. பதினாலாவது மாடியில ஹாயா. காலையில அவங்க ரெண்டு பேரும் போனப்புறம் கதவு தானே பூட்டிக்கும், சாயங்காலம் வரைக்கும் நான் ஜன்னல்கிட்ட, கீழ போற காரெல்லாம் எறும்பு மாதிரி. சாப்பாடு டப்பாவுல எடுத்து வச்சிருப்பா, ஒரு நிமிஷம் சூடு பண்ணிக்கங்கன்னு. வாசனை இல்லாத ஊரு, வாசனை தெரியாத மூக்கு, ரெண்டும் நல்லாப் பொருந்தும். பீன்ஸ் நறுக்கினப்போ கூடப் பயம் இல்ல, அப்ப தெரியாது, இப்ப தெரியுது. மணி என்னன்னு பாக்கப் பயமா இருக்கு. போன் அடிச்சா என்ன சொல்றது, வெந்துடுச்சுன்னு சொல்லிட்டு ராத்திரி கடையில வாங்கி மீந்த இட்லியைக் காட்டவா.

பிளக்கைப் பிடுங்கினேன். ரெண்டு துணியைச் சுத்தி உள் பாத்திரத்தை ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தூக்கினேன், தண்ணி தளும்பாம. தூக்கினதும் தெரிஞ்சுது. அடியில செம்பழுப்பா ஒரு கறை, வட்டமா ஆரம்பிச்சு வளைஞ்சு போயிருக்கு. பாத்திரத்தை வச்சதும் இப்படி அப்படி லேசா திருப்பி உக்கார வைங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருந்தா, திருப்பினேன், அந்தத் திருப்பல்ல இழுபட்டிருக்கு. கீழ தட்டுல, நடுவுல, அந்த உயிரு மேல, என் பொட்டு. காய்ஞ்சு, வெந்து, தடிமனா ஒட்டிக்கிட்டு. கொஞ்ச நேரம் அப்படியே பாத்துக்கிட்டு நின்னேன். அப்புறம் சிரிப்பு வந்துச்சு, அழுகையும் வந்துச்சு, ரெண்டும் ஒண்ணா வந்ததுல இருமல் வந்துச்சு. அடிப்பாவி பாக்கியம்னு என்னையே திட்டிக்கிட்டேன். அது மூக்கை நீயே அடைச்சுட்டியேடி. பாத்திரத்தோட சூட்டை அது தொட்டுப் பாக்கணும், நடுவுல மஞ்சளைக் கொண்டுபோய் அப்பி வச்சா அதுக்கு என்ன தெரியும், மேல தண்ணி இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும், தட்டோட சூடு மட்டும் ஏறி ஏறி வந்திருக்கும், தண்ணி தீர்ந்துபோச்சுன்னு நினைச்சு பாவம் கையை விட்டிருக்கு. நான் கேஸுக்குள்ள உக்காந்திருந்த மாதிரிதான் இதுவும் இங்க உக்காந்திருந்திருக்கு. ஒண்ணும் தெரியாம. அதுமேல எனக்கு ஒரு பாசமே வந்துடுச்சு. ஈரத் துணியை வச்சதும் சுர்ருன்னுச்சு, இன்னும் சூடு. விசிறி எடுத்து வீசினேன், காய்ச்சல்காரங்களுக்கு வீசுற மாதிரி. அப்புறம் தேச்சேன், நகத்தால சுரண்டாம, துணியாலயே, பளபளன்னு காசு மாதிரி வர்ற வரைக்கும். பாத்திரத்தோட அடியையும் தேச்சேன். விரலை வச்சு அமுக்கினேன், அமுங்குச்சு, எழும்புச்சு. பொட்டை வெளியில வச்சேன், முன் பக்கம், கம்பெனி பேருக்கு மேல, கறை பிடிச்சா பிடிக்கட்டும். பாத்திரத்தை இறக்கி, இப்படி அப்படி திருப்பி, அழுத்தினேன். நின்னுச்சு.

மறுபடியும் ஸ்டூல். மறுபடியும் ஆவி. இந்தத் தடவை மூடி தடதடங்குது, ஓரத்துல கஞ்சி நுரைச்சு வந்து வழிஞ்சு திரும்ப உள்ளயே போகுது. எனக்குத் திறக்கணும்னே தோணல. தண்ணி இருக்குற வரைக்கும் ஏறாது. சொல்லிப் பாத்துக்குறேன். ஒவ்வொரு அரிசியும் உக்காந்து குடிச்சுக்கிட்டு இருக்கு, எல்லாம் குடிச்சு முடிக்கிற வரைக்கும் அந்த நெருப்புக்கு அதைத் தொட உரிமை இல்ல. யாரு வச்ச சட்டம் இது. அண்டாவுக்கும் இதே சட்டம், இந்தக் கப்புக்கும் இதே சட்டம், ஊர்ல இருக்குற அத்தனை அடுப்புலயும் இந்நேரம் தண்ணி இதே இடத்துல நின்னுக்கிட்டு இருக்கும், ஒருத்தர் வீட்டுல ஏறாது, ஒருத்தர் வீட்டுல இறங்காது. நான் கும்பிட்டதெல்லாம் சரிதான், ஆனா இதைக் கும்பிட்டதில்ல. உடம்பு புல்லரிக்குது, நிஜமா, கையைப் பாருங்க, பாக்க யாரும் இல்ல. மூக்குன்னு ஒண்ணு இருந்துச்சே, அதைக் கூடக் கும்பிட்டதில்ல, அது பாட்டுக்கு அடுத்த தெருவுல மீன் வறுக்குறதைச் சொல்லிச்சு, செழியன் குழந்தையா இருந்தப்போ காய்ச்சல் வரப் போறதை உச்சந்தலையில முகர்ந்தே சொல்லிச்சு, ஒரு நாள் கூட சம்பளம் கேக்கல. போனப்புறம்தான் அது வேலை பாத்துக்கிட்டு இருந்ததே தெரியுது. தடதட நின்னுடுச்சு. சின்னதா படபடன்னு ஒரு சத்தம், அடியில. இப்பதான் அந்த மூணாவது வாசம் வரணும். வருதோ என்னவோ, எனக்கு இல்ல. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அந்தக் காந்தத்தையே நினைச்சுக்கிட்டு இருக்கேன், இப்ப விடும், இப்ப விடும்னு.

டொக்.

கூடவே கதவும் தட்டுச்சு. ஒரு நிமிஷம் எது எதுன்னு புரியல. திறந்தா பர்வீன், கையில மாவுக் கரண்டியோட, படி இறங்கி ஓடி வந்த மூச்சு. என்னைப் பாக்காம என் தோளுக்கு மேல அடுப்படியைப் பாக்குறா.

"ஆயாம்மா, சோறா ஆக்குறீங்க? சிலிண்டரைத்தான் அண்ணன் எடுத்துட்டாரே, எதுல ஆக்குறீங்க? மறுபடியும் ஏதாவது..."

"பயப்படாத, நெருப்பு இல்ல. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"என்ன கேள்வி இது. மாடி வரைக்கும் வருது வாசம்."

சுவரைப் பாக்கணும்னுதான் நினைச்சேன். முடியல. "உள்ள வா"ன்னேன். வந்தா. குக்கரைப் பாத்தா, அதுமேல இருந்த பொட்டைப் பாத்தா, சிரிப்பை அடக்கிக்கிட்டா. மூடியைத் தூக்கினேன். தண்ணி இல்ல. வெள்ளையா, குமிழ் குமிழா பள்ளம் விழுந்து, சோறு. லேசா குழைவுதான், ரெண்டு தடவை சூடேறினா என்ன பண்ணும். அவ குனிஞ்சு ஒரு மூச்சு இழுத்தா.

"எப்படி இருக்கு?"ன்னேன்.

"நல்லா வெந்திருக்கு."

"அது எனக்கும் தெரியுது, கண்ணு இருக்குல்ல. வாசம் எப்படி இருக்குன்னு கேட்டேன். சொல்லேன்."

அவ யோசிச்சா. "சோத்து வாசம் ஆயாம்மா. சோத்து வாசத்தை எப்படிச் சொல்றது." மறுபடியும் குனிஞ்சா. "கணக்கு டீச்சர் போர்டுல எழுதிக்கிட்டு இருப்பாங்க. மணி அடிக்கலை. எல்லாரும் ஒண்ணா தலையைத் திருப்புவோமே, அந்த வாசம்."

ஸ்டூல்ல உக்காந்துட்டேன். போன் அடிச்சுது. செழியன். அழுத்தினதும் அவன் நெத்தி பாதி, ஆபீஸ் சுவர் பாதி.

"என்னம்மா, ஆச்சா? சட்டியைக் காட்டு."

காட்டினேன். அவன் போனைக் கண்ணு பக்கத்துல வச்சுப் பாத்தான். வெந்திருக்குன்னான், நம்பாத மாதிரி. முதல்ல தப்பாப் போயிடுச்சுடா, பொட்டை உள்ள வச்சுட்டேன், அப்புறம் நானே கண்டுபிடிச்சுத் துடைச்சேன்னு எல்லாத்தையும் சொன்னேன். மறைக்கணும்னு தோணல. அவன் சிரிக்கல. "அம்மா, இன்னிக்குச் சோறு. நாளைக்கு வேற ஏதாவது கருகும், ஒயர் எரியும். உனக்கு வாசம் தெரியாதேம்மா. அதுக்கு என்ன பண்ணுவ?"

சோத்துல ஆவி போய்க்கிட்டு இருந்துச்சு. பர்வீன் கையை நீட்டி போனை வாங்கிக்கிட்டா.

"அண்ணே, நான் பர்வீன். அவங்களுக்குத் தெரியாது, சரி. எனக்குத் தெரியுதுல்ல. நான் மேலதானே இருக்கேன்."

அப்புறம் செழியன் ஞாயித்துக்கிழமை சும்மா பாத்துட்டுப் போக வர்றேன்னான், பெட்டியைப் பத்திப் பேசல. பர்வீன் போனை மேடையில வச்சுட்டு, தோசைக்கல்லைப் போட்டது போட்டபடி வந்துட்டேன்னு கிளம்பினா. அணைச்சுட்டு வான்னேன். ஒரு ஆளுக்குத்தான் ஆக்கினது, இருந்தாலும் ரெண்டு தட்டை எடுத்துக் கழுவி வச்சேன்.